இடக்கால் பிரேக் முறை

இடக்கால் பிரேக் முறை என்பது மகிழுந்தை ஓட்டும்போது பிரேக் மிதியை இடக்காலாலும், முடுக்கி எனப்படும் ஆக்சிலரேட்டர் மிதியை வலக்காலாலும் இயக்கும் ஓட்டுமுறை ஆகும். இதற்கு மாறாக, பிரேக், முடுக்கி ஆகிய இரண்டையும் வலக்கால் ஒன்றினாலேயே மாறிமாறி இயக்குவது வலக்கால் பிரேக் முறை எனப்படும். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகள் பொதுவாக வலக்கால் முறையையே கற்பிக்கின்றன. கார்ட் பந்தயம், ராலி, பார்முலா 1 போன்ற பந்தயங்களில் இடக்கால் முறை பரவலாக வழங்குகிறது.

கிளட்ச் மிதி இல்லாத தானியங்கி கியர் வண்டிகளில் இடக்காலுக்கு வேலை ஏதும் இல்லை. எனவே ஓய்வாக இருக்கும் காலைப் பிரேக்குக்குப் பயன்படுத்தலாமா என்னும் வினா இயல்பாகவே எழுகிறது. வண்டி நிற்பதற்குத் தேவைப்படும் தொலைவைக் குறைத்தல், ஒரு மிதிக்குப் பதிலாக மற்றொன்றை அழுத்துவதால் நேரும் விபத்துகளைத் தவிர்த்தல் ஆகிய இரண்டும் இவ்வினாவோடு தொடர்புடையவை.

மிதிகளின் அமைப்பு

இன்றைய மகிழுந்துகளில் இடமிருந்து வலமாகக் கிளட்ச், பிரேக், முடுக்கி என்னும் வரிசையில் மிதிகள் அமைந்துள்ளன. இந்தியா, பிரித்தானியா, சப்பான் போன்ற நாடுகளில் ஓட்டுநர் வண்டியின் வலப்பக்கம் அமர்கிறார். அமெரிக்கா, செருமனி போன்ற நாடுகளில் இடப்பக்கம் அமர்கிறார். ஆயினும் மிதிகளின் வரிசை இரு வகை வண்டிகளிலும் ஒன்றே என்பது கவனிக்கத்தக்கது.

கைமுறை கியர் வண்டியில் இடக்கால் கிளட்சுக்கு உரியது. வண்டியை முழுமையாக நிறுத்தும்போது இயந்திரம் அணைந்துவிடாமலிருக்கப் பிரேக்கையும் கிளட்சையும் ஒருசேர அழுத்த வேண்டியிருப்பதால், பிரேக்கை வலக்காலே ஏற்கிறது. கியர் மாற்றத் தேவையில்லாத சிறு இடைவெளிகளில் மட்டுமே இவ்வகை வண்டியில் இடக்காலால் பிரேக்கை அழுத்த முடியும்.

தானியங்கி கியர் வண்டியில் இரண்டு மிதிகளே உள்ளன. பிரேக் மிதி பெரும்பாலும் அகலமாக அமைக்கப்படுவதால் எந்தக் காலாலும் அதனை எட்டலாம். எனினும் வலக்குதிகாலைத் தரையில் ஊன்றி, பாதத்தை மட்டும் திருப்பி இரு மிதிகளையும் இயக்குவதற்கு ஏற்றவாறே மிதிகளின் இடைவெளியும் உயரமும் அமைகின்றன. முடுக்கியைவிடப் பிரேக் மிதி சற்று உயர்ந்து நிற்பதும் இதற்காகவே ஆகும்.

வரலாறு

தொடக்ககால மகிழுந்துகளில் மிதிகளுக்குப் பொதுவான வரிசை எதுவும் இருக்கவில்லை. 1908 முதல் 1927 வரை உற்பத்தி செய்யப்பட்ட போர்டு மாடல் டி வண்டியில் இடது மிதி கியரை மாற்றவும், நடு மிதி பின்னோக்கிச் செல்லவும், வலது மிதி பிரேக்காகவும் பயன்பட்டன. முடுக்கி மிதியாக இல்லாமல், சுக்கான் தண்டில் கையால் இயக்கும் நெம்புகோலாக இருந்தது. அந்த வண்டியை ஓட்டிப் பழகியவர் இன்றைய மகிழுந்தில் ஏறி, பிரேக் என்று எண்ணி வலக்கோடி மிதியை அழுத்தினால் வண்டி நிற்காது, பாய்ந்து செல்லும்.

1916ஆம் ஆண்டின் காடிலாக் டைப் 53 வண்டி, கிளட்ச், பிரேக், முடுக்கி என்னும் இன்றைய வரிசையைக் கொண்ட முன்னோடிகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. 1922இல் வெளிவந்த ஆஸ்டின் 7 என்னும் மலிவு விலைச் சிறு மகிழுந்து இவ்வரிசை பரவுவதற்கு உதவியது. ஆயினும் முடுக்கியை நடுவிலும் பிரேக்கை வலக்கோடியிலும் கொண்ட வண்டிகள் மேலும் பல ஆண்டுகள் இருந்துவந்தன. 1950களின் புகழ்பெற்ற பந்தய வண்டியான மாசராட்டி 250எப் இதற்கு ஓர் எடுத்துக்காட்டாகும்.

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1940ஆம் ஆண்டு மாதிரி ஓல்ட்ஸ்மொபைல் வண்டிகளில் ஐட்ராமேட்டிக் என்னும் முழுத் தானியங்கி கியரை அறிமுகப்படுத்தியது. கிளட்ச் மிதி மறைந்ததால் இடக்கால் விடுபட்டது. இந்த வசதி பிற நாடுகளில் மெதுவாகவே பரவியது. சப்பானில் தானியங்கி வண்டிகளை மட்டும் ஓட்ட அனுமதிக்கும் தனி உரிமம் 1991இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் 2014இல் வெளிவந்த மாருதி சுசுக்கி செலேரியோ, கிளட்ச் மிதி இல்லாத வண்டிகளைக் குறைந்த விலைப் பிரிவுக்குக் கொண்டுவந்தது.

நிறுத்தும் தொலைவு

இடக்கால் முறைக்கு ஆதரவாகக் கூறப்படும் முதன்மையான காரணம் நேரச் சேமிப்பு ஆகும். வலக்கால் முறையில் பாதம் முடுக்கியிலிருந்து எழுந்து, பக்கவாட்டில் நகர்ந்து, பிரேக்கின் மேல் அமர வேண்டும். இதற்கு 0.2 நொடி ஆகிறது எனக் கொள்வோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடிக்கு 16.7 மீட்டர் கடக்கிறது. எனவே பாதம் நகரும் அந்நேரத்தில் வண்டி 3.3 மீட்டர் முன்னேறிவிடும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் இது 5.6 மீட்டராகும்.

சிறியதாகத் தோன்றும் இத்தொலைவின் விளைவு பெரியது. 60 கிலோமீட்டர் வேகத்தில் இணையாகச் செல்லும் இரு வண்டிகளில் ஒன்று மற்றதைவிட 0.2 நொடி தாமதமாகப் பிரேக் பிடிப்பதாகக் கொள்வோம். இரண்டும் 7 மீ/நொடி² எதிர்முடுக்கத்துடன் நிற்கின்றன. முதல் வண்டி முழுமையாக நின்ற இடத்தைத் தாமதித்த வண்டி கடக்கும்போது, அதன் வேகம் இன்னும் மணிக்குச் சுமார் 25 கிலோமீட்டர் இருக்கும். அவ்விடத்தில் ஒருவர் சாலையைக் கடந்துகொண்டிருந்தால் இந்த வேறுபாடு உயிரோடு தொடர்புடையதாகிவிடுகிறது.

ஆனால் இக்கணக்கில் ஒரு நிபந்தனை உள்ளது. இடக்கால் முன்னதாகவே பிரேக் மிதியின் மேல் ஆயத்தமாக இருந்தால்தான் இந்த 0.2 நொடி மிஞ்சும். கால் தரையில் ஓய்வு கொண்டிருந்தால், அங்கிருந்து பிரேக்கை எட்டுவதற்கும் நேரமாகும். மறுபுறம், இடையூறு வரக்கூடும் என முன்கூட்டியே உணரும் ஓட்டுநர், வலக்காலை முடுக்கியிலிருந்து எடுத்துப் பிரேக்கின் மேல் அழுத்தாமல் வைத்திருந்தால் அதே ஆதாயத்தைப் பெறுகிறார். பள்ளி வாயில், நின்றுகொண்டிருக்கும் பேருந்து, வளைவு ஆகியவற்றை நெருங்கும்போது இவ்வாறு செய்வது நல்ல பழக்கமாகும்.

பந்தயங்களில்

கார்ட்

1956இல் கலிபோர்னியாவில் ஆர்ட் இங்கெல்ஸ் என்பவர் முதல் கார்ட் வண்டியை உருவாக்கினார். இன்றைய பந்தயக் கார்ட் வண்டிகளில் பிரேக் இடப்பக்கமும் முடுக்கி வலப்பக்கமும், இடையே சுக்கான் தண்டும் இருப்பதால் இடக்காலால் பிரேக் பிடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. சிறுவயதில் கார்ட் ஓட்டி வளர்ந்த பந்தய வீரர்களுக்கு இம்முறை இயல்பாகவே அமைந்துவிடுகிறது.

ராலி

ராலிப் பந்தயங்களில் இம்முறை 1960களில் இசுக்காண்டிநேவிய, பின்லாந்து ஓட்டுநர்களால் புகழ்பெற்றது. சுவீடனின் எரிக் கார்ல்சன் சாப் 96 வண்டியில் 1962, 1963 ஆண்டுகளில் மான்ட்டி கார்லோ ராலியை வென்றார். அவ்வண்டியின் இருவீச்சு இயந்திரத்தில் உயவு எண்ணெய் பெட்ரோலுடன் கலந்தே செல்லும். முடுக்கியை விட்ட நிலையில் சக்கரங்கள் இயந்திரத்தைச் சுழற்றினால் எண்ணெய் போதாமல் இயந்திரம் பழுதாகும். இதனைத் தவிர்க்க, முடுக்கியை விட்டவுடன் இயந்திரத்தைச் சக்கரங்களிலிருந்து பிரித்துவிடும் அமைப்பு அதில் இருந்தது. இதனால் ஓட்டத்தின்போது கிளட்சை அழுத்தாமலே கியரை மாற்ற முடிந்தது, இடக்கால் விடுபட்டது.

பின்லாந்தின் ரவுனோ ஆல்டோனன், டிமோ மாக்கினன் ஆகியோர் மினி கூப்பர் வண்டியில் இம்முறையைக் கையாண்டனர். மாக்கினன் 1965இலும் ஆல்டோனன் 1967இலும் மான்ட்டி கார்லோ ராலியை வென்றனர்.

சாப், மினி இரண்டும் முன்சக்கர இயக்கம் கொண்டவை. இத்தகைய வண்டி வழுக்கும் தரையில் வளைவில் திரும்பாமல் நேராகவே செல்ல முற்படும். அப்போது வலக்காலால் முடுக்கியை விடாமல் இடக்காலால் பிரேக்கை அழுத்தினால் நிலை மாறுகிறது. எடுத்துக்காட்டாக, பிரேக்கின் விசை முன்சக்கரங்களில் 600 அலகும் பின்சக்கரங்களில் 400 அலகும் எனக் கொள்வோம். இயந்திரம் முன்சக்கரங்களை 400 அலகு விசையால் முன்னோக்கித் தள்ளினால், அங்கே எஞ்சும் நிறுத்து விசை 200 அலகு மட்டுமே. பின்சக்கரங்களில் 400 அலகு அப்படியே இருக்கும். அதாவது, முன்பக்கம் மிகுந்திருந்த பிரேக் விசை பின்பக்கம் மிகுந்ததாகிவிடுகிறது. பின்சக்கரங்கள் பிடிப்பை இழந்து வெளிப்புறமாக வழுக்க, வண்டியின் முன்பக்கம் வளைவை நோக்கித் திரும்புகிறது.

1980களில் டர்போ இயந்திரங்கள் வந்தபோது மற்றொரு பயன் தெரியவந்தது. முடுக்கியை விட்டால் டர்போவின் சுழல்வேகம் குறைந்து, மீண்டும் ஆற்றல் பெறுவதற்குக் காலதாமதம் ஏற்படும். இடக்காலால் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வலக்காலால் முடுக்கியை அழுத்திப் பிடித்தால் டர்போ சுழன்றுகொண்டே இருக்கும். 1985 சான் ரெமோ ராலியை ஔடி குவாட்ரோ எஸ்1 வண்டியில் வென்ற செருமானியர் வால்ட்டர் ரோர்லின் காலசைவுகளைக் காட்டும் நிகழ்படங்கள் இம்முறைக்குச் சான்றாக இன்றும் பார்க்கப்படுகின்றன.

பார்முலா 1

1989இல் பெராரி 640 வண்டி, சுக்கானின் பின்னுள்ள விசைகளால் கியர் மாற்றும் பகுதித் தானியங்கி அமைப்புடன் பார்முலா 1 களத்தில் இறங்கியது. அவ்வாண்டின் முதல் போட்டியான பிரேசில் கிராண்ட் பிரீயில் நைஜல் மான்செல் அதனை ஓட்டி வென்றார். பின்னர் கிளட்சும் கைக்கு மாற்றப்பட்டதால் மிதிகள் இரண்டாகக் குறைந்தன. இடக்கால் முறை படிப்படியாகப் பொதுவழக்காயிற்று. விடுபட்ட இடத்தில் மெக்லாரன் அணி 1997இல் ஒரு பின்சக்கரத்தை மட்டும் நிறுத்தும் கூடுதல் பிரேக் மிதியைப் பொருத்தியது. 1998 பிரேசில் போட்டியின்போது அது தடை செய்யப்பட்டது.

பொதுச் சாலைகளில்

பந்தயத்தில் கிடைக்கும் ஆதாயங்கள் பொதுச் சாலைக்கு அப்படியே பொருந்துவதில்லை. பின்சக்கரங்களை வழுக்கச் செய்வது சாலையில் தேவையற்றது, ஆபத்தானதும் ஆகும். நிலைப்புக் கட்டுப்பாட்டு அமைப்பு உள்ள வண்டிகளில் அவ்வமைப்பே அவ்வழுக்கலைத் தடுத்துவிடும்.

இடக்கால் முறைக்கு ஆதரவாகக் கூறப்படுவன:

- பாதத்தை நகர்த்தும் நேரம் மிச்சமாகலாம்.
- ஒவ்வொரு காலுக்கும் ஒரே வேலை என்பதால், ஒரே கால் மிதியைத் தவறவிடும் வாய்ப்பு குறையும்.
- ஏற்றத்தில் நின்று புறப்படும்போதும், நெருக்கடியான இடத்தில் அங்குலம் அங்குலமாக நகர்த்தும்போதும் வண்டியைக் கட்டுக்குள் வைப்பது எளிது.

எதிராகக் கூறப்படுவன:

- இடக்கால் பிரேக் மிதியின் மேல் தன்னையறியாமல் ஓய்வு கொள்ளக்கூடும். இதனால் பிரேக் பட்டைகள் தேய்ந்து சூடேறுகின்றன, எரிபொருள் வீணாகிறது. மிகுந்த வெப்பத்தால் பிரேக் எண்ணெய் கொதித்தால் பிரேக் பிடிக்காமலே போகலாம்.
- பின்புறச் சிவப்பு விளக்கு எப்போதும் எரிவதால், வண்டி உண்மையில் எப்போது நிற்கப்போகிறது என்பது பின்னால் வருபவருக்குத் தெரியாது.
- அதிர்ச்சியில் உடல் விறைக்கும்போது இரு கால்களும் ஒருசேர அழுத்தக்கூடும்.
- பெட்ரோல் இயந்திரத்தில் பிரேக்குக்குத் துணைசெய்யும் வெற்றிடம் பெரும்பாலும் இயந்திரத்திலிருந்தே கிடைக்கிறது. முடுக்கி திறந்திருக்கும் நிலையில் பிரேக்கை விட்டுவிட்டு அழுத்தினால் அவ்வெற்றிடம் தீர்ந்து, மிதி கடினமாகிவிடும்.
- கைமுறை கியர் வண்டிக்கு மாறும்போது பழக்கம் இடர்தரும்.

இரு மிதிகளும் ஒருசேர அழுத்தப்பட்டால் முடுக்கியைப் புறக்கணித்துப் பிரேக்குக்கு முதன்மை தரும் மின்னணு ஏற்பாடு இன்றைய வண்டிகள் பலவற்றில் உள்ளது. 2009, 2010 ஆண்டுகளில் தரைவிரிப்பில் சிக்கும் முடுக்கி மிதி முதலிய காரணங்களுக்காக டொயோட்டா நிறுவனம் பல இலட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்ததைத் தொடர்ந்து இவ்வேற்பாடு மேலும் பரவியது. இத்தகைய வண்டியில், பிரேக்கையும் முடுக்கியையும் சேர்த்து அழுத்தும் பந்தய நுட்பம் பயன்படாது.

மிதி மாறி அழுத்துதல்

பிரேக் என்று எண்ணி முடுக்கியை அழுத்துவது மிதிப் பிழை எனப்படும். இது பெரும்பாலும் வண்டியை நிறுத்துமிடங்களிலும், வண்டி புறப்படும் தறுவாயிலும் நிகழ்கிறது. தான் பிரேக்கை அழுத்துவதாகவே ஓட்டுநர் நம்புவதால், வண்டி பாயும்போது காலை எடுக்காமல் மேலும் பலமாக அழுத்துகிறார். 3 மீ/நொடி² முடுக்கத்தில் புறப்படும் வண்டி 3 நொடிகளில் 13.5 மீட்டர் கடந்து, மணிக்கு 32 கிலோமீட்டர் வேகத்தை எட்டிவிடும். பிழையை உணர்ந்து திருத்த இந்நேரம் போதாமல் போகிறது.

1980களில் அமெரிக்காவில் விற்கப்பட்ட ஔடி 5000 வண்டி தானாகவே பாய்வதாகப் புகார்கள் எழுந்தன. 1986இல் ஒளிபரப்பான ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குப் பின் இது நாடளாவிய சிக்கலாயிற்று. அமெரிக்கத் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 1989இல் வெளியிட்ட ஆய்வறிக்கை, இவ்வகை நிகழ்வுகளுக்கு மிதிப் பிழையே பெரும்பாலும் காரணம் என முடிவு செய்தது. அதே ஆண்டில் உளவியலாளர் ரிச்சர்ட் சிமித் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, காலை நகர்த்தும்போது ஏற்படும் இயல்பான சிறு விலகல்களே பாதத்தைத் தவறான மிதியில் கொண்டுசேர்க்கக்கூடும் என விளக்கியது. பிரேக்கை அழுத்தினால் மட்டுமே தானியங்கி கியரை நிறுத்த நிலையிலிருந்து விடுவிக்கும் பூட்டு இக்காலத்திலேயே பரவத் தொடங்கியது.

முதியோர் மிகுந்த சப்பானில் இச்சிக்கல் பெரிதும் பேசப்படுகிறது. 2019 ஏப்ரல் 19 அன்று தோக்கியோவின் இக்கேபுக்குரோ பகுதியில் 87 வயது ஓட்டுநரின் மகிழுந்து பாய்ந்ததில் ஒரு தாயும் அவருடைய 3 வயது மகளும் உயிரிழந்தனர். வண்டியே பழுது என ஓட்டுநர் வாதிட்டார். பிரேக்குக்குப் பதிலாக முடுக்கியை அழுத்தியதே காரணம் எனத் தோக்கியோ மாவட்ட நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்து, அவருக்கு 5 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது.

குமமோத்தோ மாநிலத்தைச் சேர்ந்த நருசே மசுயுக்கி, இரு வேலைகளையும் ஒரே மிதியில் இணைக்கும் ஓர் அமைப்பை உருவாக்கினார். அதில் கீழ்நோக்கி அழுத்தினால் பிரேக் பிடிக்கும். பாதத்தை வலப்புறம் சாய்த்தால் வண்டி வேகமெடுக்கும். அதிர்ச்சியில் கால் கீழ்நோக்கியே உதைக்கும் என்பதால் எப்போதும் பிரேக்கே பிடிக்கும் என்பது இதன் அடிப்படையாகும். முன்னால் தடை இருக்கும்போது முடுக்கி திடீரென அழுத்தப்பட்டால் அதனை ஏற்காத கருவியைப் புதிய தானியங்கி மகிழுந்துகளில் 2028 செப்டம்பர் முதல் கட்டாயமாக்கச் சப்பான் அரசு முடிவு செய்துள்ளது.

பழக்கத்தின் பங்கு

எந்தக் கால் சிறந்தது என்பதைவிட, நெருக்கடியில் கால் எதைச் செய்யப் பழகியுள்ளது என்பதே முதன்மையானது. கைமுறை கியர் வண்டி ஓட்டிப் பழகியவரின் இடக்கால், கிளட்சை விரைவாகவும் முழுமையாகவும் அழுத்தக் கற்றுள்ளது. அதே காலால் முதன்முறை பிரேக்கைத் தொட்டால் வண்டி குலுங்கி நிற்கும். பின்னால் வரும் வண்டி மோதும் அபாயமும் உண்டு. அழுத்தத்தை அளந்து கொடுக்கும் நுண்ணுணர்வை வலக்கால் பல ஆண்டுகளில் பெற்றது போலவே இடக்காலும் பயிற்சியால்தான் பெற முடியும்.

மோட்டார் சைக்கிள்களின் வரலாறும் இதனையே காட்டுகிறது. 1955 முதல் சென்னையில் தயாரிக்கப்பட்டுவந்த பழைய என்ஃபீல்டு புல்லட் வண்டிகளில், பிரித்தானிய மரபுப்படி கியர் வலக்காலிலும் பின்பிரேக் இடக்காலிலும் இருந்தன. இன்றைய வண்டிகளில் இவை இடம் மாறியுள்ளன. ஒன்றில் பழகியவர் மற்றொன்றில் ஏறினால், பிரேக்கென்று எண்ணிக் கியரை மிதிப்பது உண்டு. இரு அமைப்புகளில் எதுவும் தவறானதன்று. மாற்றமே இடர் தருகிறது.

எனவே அன்றாடம் இருவகை வண்டிகளையும் ஓட்டுபவருக்கு, இரண்டிலும் செல்லுபடியாகும் வலக்கால் முறையே பொருத்தமானது. தானியங்கி வண்டியை மட்டுமே ஓட்டி, இடக்காலைப் பயன்படுத்த விரும்புபவர் அதனை ஆளில்லாத் திடலில் முறையாகப் பழக வேண்டும். பிரேக் பிடிக்காத வேளையில் அக்காலை மிதியிலிருந்து விலக்கி வைக்க வேண்டும். ஒரே ஓட்டுநர் சில வேளை ஒரு காலையும் சில வேளை மறுகாலையும் பயன்படுத்துவது இவ்விரு முறைகளையும்விட ஆபத்தானது.

சிறப்பு நிலைகள்

வலக்காலை இழந்தவர்களும் அதனை இயக்க இயலாதவர்களும் ஓட்டுவதற்காக, பிரேக்குக்கு இடப்பக்கம் முடுக்கி மிதியைப் பொருத்தும் மாற்றமைப்பு உள்ளது. இதில் இரு மிதிகளையும் இடக்காலே இயக்குகிறது. இவ்வண்டியை வேறொருவர் ஓட்டுவதற்கு முன் மிதிகளின் நிலையைச் சரிபார்ப்பது இன்றியமையாதது.

மின்மகிழுந்துகள் பலவற்றில் முடுக்கியை விட்டவுடன் மின்னோடி மின்னாக்கியாக மாறி, வண்டியின் வேகத்தைக் கணிசமாகக் குறைக்கிறது. அன்றாட ஓட்டத்தில் பிரேக் மிதி அரிதாகவே தேவைப்படுவதால் இது ஒற்றை மிதி ஓட்டம் எனப்படுகிறது. எனினும் அவசரத்தில் நிறுத்துவதற்குப் பிரேக் மிதியே தேவை. நெடுநாள் தொடாத அம்மிதியைக் கால் தடுமாறாமல் கண்டடைய வேண்டியிருப்பதால், கால் தேர்வு பற்றிய வினா இவ்வண்டிகளிலும் மறைந்துவிடவில்லை.

இவற்றையும் பார்க்கவும்

- கிளட்ச்
- தானியங்கி கியர்
- நிறுத்தும் தொலைவு
- ராலிப் பந்தயம்